அரியணையிலிருந்து மடிக்கு (தொடர் – 9)

ரோம் நகரின் சலாரியா சாலைக்கு அடியில் இருக்கிறது பிரிசில்லா நிலவறைக் கல்லறை. அங்கே சுவரைக் குடைந்து பிணம் வைத்த ஒரு குழிக்கு மேலே, ஈரத்தில் பாதி அழிந்த சிறிய சித்திரம் ஒன்று உண்டு. தாயின் மடியில் குழந்தை. பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை, யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைத் திருப்பிப் பார்க்கிறது. பக்கத்தில் ஓர் ஆள் நின்று மேலே கை காட்டுகிறார். அங்கே ஒரு விண்மீன். விவிலியத்தின் எண்ணிக்கை நூலில் வரும் பிலயாம் என்று அவரைப் பெரும்பாலோர் அடையாளம் காண்கிறார்கள். யாக்கோபின் குலத்தில் ஒரு விண்மீன் உதிக்கும் என்று சொன்ன தீர்க்கதரிசி அவர். படம் 3-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. கிறிஸ்தவம் ரோமப் பேரரசில் சட்ட அங்கீகாரம் பெற இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. தாய்க்கும் பிள்ளைக்கும் தலையைச் சுற்றி ஒளிவட்டம் இல்லை, பொன் இல்லை, அரியணை இல்லை. கை காட்டும் ஆளையும் விண்மீனையும் அழித்துவிட்டால், இறந்துபோன ஏதோ ஒரு ரோமப் பெண்ணின் நினைவுப்படம் என்றே எவரும் நினைப்பார்கள்.

கிறிஸ்தவத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எகிப்தில் ஈசிஸ் தேவி தன் மகன் ஹோரஸுக்குப் பால் கொடுக்கும் உருவங்கள் பரவியிருந்தன. மரியாவின் படம் அங்கிருந்து எடுத்த கடன்தான் என்று ஒரு சாரார் சொல்லி வந்திருக்கிறார்கள். தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் விதம் உலகத்தில் ஒன்றிரண்டுதான். உருவம் ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்துக் கடன்பத்திரம் எழுதிவிட முடியாது. அதே சமயம், சக்காரா, பாவித் ஆகிய இடங்களின் காப்டிக் மடங்களில் பாலூட்டும் மரியாவின் சுவரோவியங்கள் கிடைத்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவதும் எளிதல்ல. எகிப்தியக் கண்ணுக்கு அந்தக் கோலம் ஏற்கெனவே பழகியிருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

படத்தின் போக்கை மாற்றியது ஒரு சொல்லைப் பற்றிய சண்டை. மரியாவை மக்கள் ‘தியோடோகோஸ்’ என்று கிரேக்கத்தில் அழைத்து வந்தார்கள். கடவுளைப் பெற்றவள் என்று பொருள். கான்ஸ்டான்டினோபிளின் தலைமை ஆயர் நெஸ்டோரியஸ் இதை ஏற்கவில்லை. தொடக்கமே இல்லாத கடவுளை ஒரு பெண் எப்படிப் பெற்றிருக்க முடியும், கிறிஸ்துவைப் பெற்றவள் என்று சொன்னால் போதும் என்றார். அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் விடவில்லை. மரியாவின் மடியில் இருந்த பிள்ளை வேறு, கடவுள் வேறு என்று பிரித்தால் கிறிஸ்துவையே இரண்டாகக் கூறுபோட்டது ஆகும் என்பது அவர் வாதம். 431-இல் எபேசு நகரில் கூடிய பொதுச்சங்கம் சிரிலின் பக்கம் தீர்ப்பளித்தது. நெஸ்டோரியஸ் பதவி இழந்தார். அன்றிரவு நகர மக்கள் தீப்பந்தம் ஏந்தி ஆயர்களை வீடுவரை கொண்டுபோய் விட்டதாகச் சிரில் தம் ஊருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். ஒரு பட்டப்பெயருக்காக ஊரே தெருவில் இறங்கியது.

அடுத்த ஆண்டே போப்பாண்டவரான மூன்றாம் சிக்ஸ்துஸ், ரோமில் மரியாவின் பெயரால் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தை அலங்கரித்தார். அதன் பலிபீடத்துக்கு மேலுள்ள வளைவில் பதித்த வண்ணக்கல் சித்திரத்தில் எபேசுவின் வெற்றி எதிரொலிக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் வணங்கும் காட்சியில் குழந்தை தாயின் மடியில் இல்லை. மணிகள் பதித்த அகன்ற அரியணையில், சக்கரவர்த்திபோலத் தனியே உட்கார்ந்திருக்கிறது. அரசகுலப் பெண்ணின் பொன்னாடையில் மரியா அருகே இருக்கிறாள். கடவுளைப் பெற்றவள் என்ற பட்டம் முதலில் உயர்த்தியது பிள்ளையின் அந்தஸ்தைத்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. அந்தப் பிள்ளை அரியணையை விட்டுத் தாயின் மடிக்கும், மடியிலிருந்து புல்தரைக்கும் இறங்கிவர ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சினாய் மலையடிவாரத்தில் உள்ள புனித கத்தரீன் மடத்தின் 6-ஆம் நூற்றாண்டுப் பலகைப்படம் இந்தப் பயணத்தின் அடுத்த படி. உருக்கிய மெழுகில் நிறம் குழைத்துத் தீட்டியது. உயரம் 70 சென்டிமீட்டரைத் தொடாது. நடுவில் மரியா உட்கார்ந்திருக்கிறாள், மடியில் குழந்தை. இரு பக்கமும் போர்வீரப் புனிதர்களான தியோடோரும் ஜார்ஜும் விறைப்பாக நின்று பார்ப்பவரை நேராக முறைக்கிறார்கள். பின்னால் இரண்டு வானதூதர்கள் தலையை அண்ணாந்து, மேலிருந்து ஒளிக்கற்றையோடு இறங்கும் கடவுளின் கையைப் பார்க்கிறார்கள். மரியாவின் கண்கள் மட்டும் பார்ப்பவரின் தோளைத் தாண்டி ஒரு பக்கமாக எங்கோ போகின்றன. அவளுடைய பார்வையைப் பிடிக்கலாம் என்று படத்துக்கு முன்னால் எப்படி நகர்ந்தாலும் அது நடக்காது. மண்ணில் நிற்கும் புனிதருக்கு ஒரு பார்வை, விண்ணில் இருக்கும் தூதருக்கு ஒரு பார்வை, இடையில் இருப்பவளுக்கு வேறொன்று என்று ஓவியன் கண்களைக் கொண்டே மூன்று அடுக்கு பிரித்திருக்கிறான்.

இந்தப் படம் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் அது இருந்த இடம். 8-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் லியோ புனிதப் படங்களுக்கு எதிராகத் திரும்பினார். படத்தை வணங்குவது சிலைவழிபாடு என்ற வாதம் அரச ஆணையானது. 787-இல் நிசேயாவில் கூடிய சங்கம் படங்களுக்கு மீண்டும் இடம் தந்தது. 815-இல் தடை திரும்பி வந்தது. 843-இல்தான் முடிவுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் பேரரசுக்குள் எத்தனை படங்கள் எரிந்தன என்பதற்குக் கணக்கில்லை. சினாய் அப்போது முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. கிறிஸ்தவப் பேரரசரின் கை அங்கே எட்டவில்லை. படங்களுக்காக வாதாடிய இறையியலாளர்களில் தலையாயவரான தமஸ்கு நகர யோவானும் கலீபாவின் ஆட்சிப்பகுதியில் இருந்தபடியேதான் எழுதினார்.

யோவானின் வாதம் தாய்-சேய்ப் படத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. உருவமற்ற கடவுளைத் தீட்ட முடியாது என்பது உண்மை; அந்தக் கடவுளே உடல் எடுத்து மனிதர்களுக்கு நடுவே வந்துவிட்ட பிறகு, கண்டதைத் தீட்டுவதில் தவறில்லை என்றார். உடல் எடுத்ததற்குச் சான்று எது? தாய். ஒரு பெண்ணின் மடியில் இருக்கும் பிள்ளைக்கு எடை உண்டு, உருவம் உண்டு, நிழல் உண்டு. ஆகவே மரியாவும் குழந்தையும் உள்ள படம், படம் வரையலாம் என்பதற்கே ஆதாரமாக நின்றது. தடை நீங்கியபின் கான்ஸ்டான்டினோபிளின் ஹகியா சோஃபியா பேராலயத்தின் கிழக்கு அரைக்குவிமாடத்தில் பெரிய அளவில் ஏறிய உருவமும் இதுதான். 867-இல் தலைமை ஆயர் ஃபோத்தியஸ் அதைத் திறந்துவைத்து மறையுரை ஆற்றினார்.

இதற்குப் பின் கிழக்குத் திருச்சபையில் கோலங்கள் வகைப்பட்டு நிலைத்தன. ஓவியன் புதிதாகக் கற்பனை செய்வது எதிர்பார்க்கப்படவில்லை. முந்தைய படத்துக்கு உண்மையாக இருப்பதுதான் அவன் கடமை. தாய் இடக்கையில் பிள்ளையை ஏந்தி, வலக்கையால் அவனைச் சுட்டுவது ‘ஹோடிகித்ரியா’, வழிகாட்டுபவள். அதன் மூலப்படம் கான்ஸ்டான்டினோபிளின் ஹோடிகோன் மடத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் அதைத் தெருவில் பவனியாகத் தூக்கி வருவார்கள். 1453-இல் நகரம் விழுந்தபோது அந்தப் படம் அழிந்தது. தாயும் பிள்ளையும் கன்னத்தோடு கன்னம் இழைவது ‘எலியூசா’, இரக்கமுள்ளவள். எல்லா வகையிலும் மரியா கருஞ்சிவப்பில் முக்காடு போட்டிருப்பாள்; நெற்றியிலும் தோள்களிலும் விண்மீன்கள் இருக்கும். பிள்ளையின் முகம் மட்டும் குழந்தை முகமாக இராது. உயர்ந்த நெற்றி, கையில் ஏட்டுச்சுருள், ஆசீர்வதிக்கும் விரல்கள். கிழட்டுக் குழந்தை என்று பின்னாளில் கேலி செய்தவர்கள் உண்டு. வரையத் தெரியாததால் வந்த முகம் அல்ல அது. காலத்துக்கு முன்பே இருந்தவன் என்பதை முகத்திலேயே எழுதிய வேலை.

இந்த மூலப்படங்களுக்கு அதிகாரம் தந்தது ஒரு மரபுக்கதை. நற்செய்தியாளர் லூக்கா ஓவியரும்கூட, மரியாவை நேரில் உட்காரவைத்து அவரே வரைந்தார் என்பது அது. ஹோடிகோன் மடத்துப் படம் லூக்கா வரைந்ததாம். சாந்தா மரியா மஜ்ஜோரேயில் ரோமர்கள் தங்கள் காவலாகப் போற்றும் படமும் லூக்கா வரைந்ததாம். சென்னை பரங்கிமலை ஆலயத்தில் உள்ள மாதா படத்தையும் லூக்கா வரைந்தது, தோமையார் கையோடு கொண்டுவந்தது என்றே பக்தர்கள் சொல்லிவருகிறார்கள். வரலாற்றாசிரியர்கள் இவற்றில் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் கதையின் பயன் வேறு இடத்தில் தெரிந்தது: ஐரோப்பிய நகரங்களில் ஓவியர் சங்கங்கள் லூக்காவைத் தங்கள் பாதுகாவலராக வைத்துக்கொண்டன. ரோகியர் ஃபான் டெர் வைடன் 15-ஆம் நூற்றாண்டில், லூக்கா மண்டியிட்டுப் பால் கொடுக்கும் மரியாவை வரைவதுபோல ஒரு படம் தீட்டினார். ஓவியன் தன் தொழிலுக்குத் தானே போட்டுக்கொண்ட மாலை அது.

எலியூசா வகையில் புகழ்பெற்றது விளாதிமீர் மாதா. 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கான்ஸ்டான்டினோபிளில் தீட்டப்பட்டு கீவ் நகருக்குப் போனது. 1155-இல் இளவரசர் அந்திரேய் பகல்யூப்ஸ்கி அதை விளாதிமீருக்கு எடுத்துச் சென்றார். 1395-இல் தைமூரின் படை நெருங்கியபோது மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். தைமூர் திரும்பிப் போனது படத்தின் அருள் என்று ஊர் நம்பியது. பலமுறை பழுதாகி மறுபடி தீட்டப்பட்ட இந்தப் பலகையில் முதல் ஓவியனின் கைவேலை பெரும்பாலும் இரண்டு முகங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. அது போதும். பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தோடு முகம் வைத்து அழுத்துகிறான். தாயோ பிள்ளையைப் பார்க்காமல், நடக்கப்போவது தெரிந்தவள்போல வெளியே பார்க்கிறாள். அணைப்பும் துக்கமும் ஒரே முகத்தில் நிற்கின்றன.

1204-இல் நான்காம் சிலுவைப்போர்ப் படை எருசலேமுக்குப் போவதை விட்டுவிட்டு கான்ஸ்டான்டினோபிளையே கொள்ளையடித்தது. பைசாந்தியப் படங்களும் ஓவியர்களும் இத்தாலிக்குள் வந்துசேரும் வேகம் அதன்பின் கூடியது. இத்தாலியர்கள் அந்தப் பாணியை ‘கிரேக்க முறை’ என்றார்கள். முதலில் பயின்றார்கள், பிறகு மெல்ல உடைத்தார்கள்.

உடைந்த விதத்தை ஒரே அறையில் பார்த்துவிடலாம். ஃபிளாரன்ஸின் உஃபிட்சி காட்சிக்கூடத்தில் சிமாபுவே, துச்சோ, ஜோத்தோ மூவரின் அரியணை மரியாக்கள் அருகருகே நிற்கின்றன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குள் வரையப்பட்டவை. சிமாபுவேயின் மரியாவின் ஆடையில் மடிப்புகள் எல்லாம் பொற்கோடுகள். துணி விழும் இடத்தில் துணி இல்லை, ஒளிக்கீற்றுகளின் வலைதான் இருக்கிறது. துச்சோவின் படத்தில் அந்தப் பொற்கோடுகள் மறைந்து, மேலாடையின் கரை மட்டும் ஒற்றைப் பொன்னிழையாக நெளிந்து நெளிந்து தரைவரை இறங்குகிறது. ஜோத்தோவிடம் வரும்போது துணிக்கு உள்ளே உடம்பு வந்துவிடுகிறது. வெள்ளை உள்ளாடைக்குப் பின்னால் மார்பின் திரட்சி, நீல ஆடைக்கு அடியில் இரண்டு முழங்கால்கள். அந்த முழங்காலில் பிள்ளை உட்கார்ந்தால் தாங்கும் என்ற நம்பிக்கை பார்ப்பவருக்கு முதல்முறையாக வருகிறது. பிள்ளை இன்னும் ஆசீர்வதிக்கிறான், சுருளும் கையில் இருக்கிறது, அரசன்தான். ஆனால் கனமான அரசன். மூன்றில் துச்சோவின் படம் நளினத்தில் மேலானது என்று வாதிட இடமுண்டு. ஆயினும் அடுத்த இருநூறு ஆண்டுகள் ஃபிளாரன்ஸ் போன வழி ஜோத்தோ போட்டது.

துச்சோவின் படத்துக்கு இன்னொரு கதை இருக்கிறது. சாந்தா மரியா நோவெல்லா ஆலயத்தில் பாடல் பாடும் பக்தசபையார் 1285 ஏப்ரலில் அவருடன் செய்துகொண்ட ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. கூலி 150 லீரா. படம் சபையாருக்குப் பிடிக்காவிட்டால் காசு தர வேண்டியதில்லை, பலகையைத் துச்சோவே வைத்துக்கொள்ள வேண்டும். நாலரை மீட்டர் உயரப் பலகையை வீட்டில் வைத்து என்ன செய்வார் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் ஓவியர் வரலாறு எழுதிய வசாரி இதைச் சிமாபுவேயின் படம் என்று தவறாகக் குறித்து, ஊரார் எக்காளம் ஊதிப் பவனியாகக் கொண்டுபோனார்கள் என்றும் எழுதிவிட்டார். அதை நம்பி 1855-இல் ஆங்கில ஓவியர் ஃபிரெடரிக் லெய்ட்டன் அந்தப் பவனியையே பெரிய ஓவியமாகத் தீட்ட, விக்டோரியா ராணி அதை விலைக்கு வாங்கினார். படத்துக்குள் தூக்கிச் செல்லப்படும் படம் சிமாபுவேயினுடையது அல்ல என்பது அதற்குப் பிறகே உறுதிப்பட்டது. உண்மையான பவனி நடந்தது சியனாவில்: 1311 ஜூன் 9 அன்று கடைகளை அடைத்துவிட்டு, துச்சோவின் வேறொரு பெரிய மரியா பலகையை ஊர் திரண்டு பேராலயத்துக்குக் கொண்டுபோனது.

இப்படிப்பட்ட பலகை எப்படி உருவானது என்பதை 1400-ஐ ஒட்டி சென்னினோ சென்னினி எழுதிய கைவினைநூல் படிப்படியாகச் சொல்கிறது. பாப்லர் மரப் பலகையில் விலங்குத்தோல் பசை பூசி, பழைய லினன் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணச்சாந்தை முதலில் கரடாகவும் பிறகு நைசாகவும் பல கோட் ஏற்றித் தேய்த்துத் தந்தம்போல் ஆக்க வேண்டும். பொன் வரும் இடத்தில் முட்டை வெள்ளையில் கரைத்த செங்களிமண் பூச்சு. அதன்மேல் தங்க ரேக்கு. ரேக்கைப் பளபளக்கத் தேய்க்க நாயின் பல்லும் உதவும் என்கிறார். வண்ணத்தைக் குழைப்பது முட்டையின் மஞ்சள் கருவில். அதிலும் ஒரு நுணுக்கம்: இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழியின் முட்டை நல்லது, அதன் கரு வெளிறியிருக்கும், வயதானவர், கறுத்தவர் முகத்துக்கு நாட்டுப்புறக் கோழி முட்டையின் சிவந்த கரு. தோல்நிறத்துக்கு அடியில் முதலில் பச்சைமண் பூச்சு, அதன்மேல்தான் ரோஜா நிறம். பல நூற்றாண்டுத் துடைப்பில் மேற்பூச்சு தேய்ந்துபோன படங்களில் மரியாவின் முகம் பச்சையாகத் தெரிவது இதனால்தான். சோகத்தின் நிறம் என்று அதற்கு அழகான விளக்கம் சொன்னவர்களும் இருக்கிறார்கள். காரணம் துணியும் சோப்பும்.

மேற்கில் மரியாவின் மேலாடை நீலமானதில் பக்திக்கு ஒரு பங்கு, விலைக்கு ஒரு பங்கு. உயர்ந்த நீலம், ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைச் சுரங்கங்களில் கிடைத்த லாபிஸ் லாசுலி என்ற கல்லிலிருந்து வந்தது. வெனிஸ் வழியாக ஐரோப்பாவுக்கு வந்ததால் ‘கடலுக்கு அப்பாலிருந்து வந்தது’ என்ற பொருளில் அல்ட்ராமரைன் எனப் பெயர் பெற்றது. கல்லை இடித்த பொடியைப் பிசின், மெழுகுடன் மாவுபோலப் பிசைந்து, காரநீரில் அழுத்தி நிறத்தை வடிப்பார்கள். முதல் வடிப்பு தங்கத்தோடு போட்டிபோடும் விலை, அடுத்தடுத்தவை வெளிறும். 1485-இல் ஃபிளாரன்ஸின் அனாதைக் குழந்தைகள் காப்பகம், ஞானிகள் குழந்தையை வணங்கும் காட்சியை வரைய கிர்லாந்தாயோவுடன் செய்த ஒப்பந்தத்தில், நீலம் அவுன்ஸுக்கு நான்கு ஃபுளோரின் பெறுமான அல்ட்ராமரைனாக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டது. மட்டமான வடிப்பைப் பூசிவிட்டு உயர்ந்த விலைக்குக் கணக்கு எழுதும் ஓவியரும் இருந்தார்கள் என்பது இந்த நிபந்தனையிலிருந்தே விளங்கும்.

பிள்ளை அரியணையை விட்டு இறங்கியதில் பிரான்சிஸ்கன் துறவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அசிசி பிரான்சிஸ் 1223 கிறிஸ்துமஸ் இரவில் கிரெச்சோ என்ற ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையுமாகப் பெத்லகேம் தொழுவத்தை அமைத்து மக்களுக்குக் காட்டினார். குளிரில் நடுங்கிய குழந்தை, அதைப் போர்த்த வழியில்லாத தாய் என்று மனத்தில் காட்சிகளை விரித்துத் தியானிக்கச் சொல்லும் நூல்கள் பெருகின. படத்திலும் மரியா அரியணையை விட்டு வெறுந்தரையில், ஒரு மெத்தைமேல் உட்கார்ந்தாள். 14-ஆம் நூற்றாண்டில் பிறந்த இந்தக் கோலத்துக்குத் ‘தாழ்மையின் மாதா’ என்று பெயர். சியனாவின் அம்புரோஜோ லொரென்செத்தி வரைந்த பாலூட்டும் மரியாவில் பிள்ளை மார்பைப் பற்றிக்கொண்டு, குடிப்பதை நிறுத்தாமல் கடைக்கண்ணால் பார்ப்பவரை நோட்டம் விடுகிறான். பிரிசில்லா கல்லறையில் தலை திருப்பிய அதே குழந்தை, சுமார் 1,100 ஆண்டுகளுக்குப் பிறகு. இந்தப் படங்களை விரும்பி வாங்கிய வசதியான குடும்பங்கள் தங்கள் குழந்தைகளைப் பால் கொடுக்கும் செவிலியிடம் நாட்டுப்புறத்துக்கு அனுப்பிவிடுவதுதான் அன்றைய வழக்கம் என்பது, இதில் கவனிக்க வேண்டிய முரண்.

15-ஆம் நூற்றாண்டில் படம் ஆலயத்திலிருந்து படுக்கையறைக்கு வந்தது. துறவி ஜோவான்னி தொமினிச்சி அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குடும்பத்தலைவிக்கு எழுதிய அறிவுரையில், வீட்டில் புனிதக் குழந்தைகளின் படங்களை மாட்டச் சொல்கிறார்; பிள்ளைகள் அதில் தங்களையே கண்டு ஒட்டிக்கொள்வார்களாம். கையில் குருவியோ மாதுளையோ வைத்திருக்கும் இயேசு அதற்குப் பொருத்தம் என்கிறார். விளையாட்டுப் பொருள்போலத் தெரியும் இவை சும்மா வரவில்லை. மாதுளையின் சிவந்த முத்துகள் பாடுகளின் இரத்தம். குருவி, கோல்டுஃபிஞ்ச் என்ற ஐரோப்பியப் பாட்டுப்பறவை. முள்செடியைக் கொத்தித் தின்னும், முகத்தில் சிவப்புத் திட்டு இருக்கும். சிலுவையில் இயேசுவின் தலையில் குத்திய முள்ளைப் பிடுங்கப்போய் அதன் முகத்தில் இரத்தம் தெறித்தது என்று கதை. பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்காவின் செனிகாலியா மாதாவில் பிள்ளையின் கழுத்தில் பவளம் தொங்குகிறது. கண்ணேறு படாமலிருக்க இத்தாலியத் தாய்மார் கட்டியது. இரத்தநிறம் என்பதால் இறையியலாளருக்கும் ஆட்சேபணை இல்லை. ஜோவான்னி பெல்லினி 1500-ஐ ஒட்டி வரைந்த புல்வெளி மாதாவில் பொருள் எதுவும் தேவைப்படவில்லை. குழந்தை தாயின் மடியில் கைகால் தளர்ந்து தூங்குகிறது. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மரியா மடியில் கிடத்தியிருக்கும் காட்சியை அறிந்தவர் எவருக்கும் அந்தத் தூக்கம் நெஞ்சைப் பிசையும்.

ரஃபேல் 1504 முதல் சில ஆண்டுகள் ஃபிளாரன்ஸில் தங்கி இப்படிப்பட்ட வீட்டு மாதாக்களை வரிசையாக வரைந்தார். லொரென்சோ நாசி என்பவரின் திருமணத்தை ஒட்டி வரைந்ததில், மரியாவின் முழங்கால்களுக்கு இடையே பிள்ளை வெறுங்காலோடு நிற்கிறான். சிறுவனான திருமுழுக்கு யோவான் கோல்டுஃபிஞ்சை நீட்ட, இயேசு அதன் தலையைத் தடவுகிறான். மரியா கையில் புத்தகம், விரலைப் பக்கத்துக்குள் வைத்துப் பாதியில் நிறுத்தியிருக்கிறாள். பின்னாளில் நாசியின் வீடு இடிந்து விழுந்து பலகை 17 துண்டுகளானது. ஆணியடித்து ஒட்டி, விரிசலின்மேல் வண்ணம் பூசினார்கள். நூற்றாண்டுக்கணக்கான பூச்சுகளை நீக்கும் வேலை 2008-இல்தான் முடிந்து படம் உஃபிட்சிக்குத் திரும்பியது. 1512-இல் பியாச்சென்சாவின் புனித சிக்ஸ்துஸ் மடத்துக்காக அவர் தொடங்கிய மாதா வேறு தினுசு. பச்சைத் திரை விலகுகிறது, மரியா பிள்ளையை ஏந்தி மேகத்தின்மேல் வெறுங்காலோடு நடந்து வருகிறாள். இருவர் கண்ணிலும் லேசான திகைப்பு. 1754-இல் சாக்சனி ஆட்சியாளர் வாங்கி டிரெஸ்டனுக்குக் கொண்டுபோனார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மாஸ்கோவுக்குப் போய் 1955-இல் திரும்பியது. கீழே முழங்கையை ஊன்றிச் சலிப்போடு மேலே பார்க்கும் இரண்டு குட்டித் தூதர்கள் இன்று வாழ்த்து அட்டையிலும் சாக்லேட் பெட்டியிலும் தனியே வாழ்கிறார்கள். மேலே நடந்து வருபவள் யாரென்று வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

ரஃபேல் இறந்த இரண்டே ஆண்டில், 1522-இல், விட்டன்பெர்க்கில் சீர்திருத்தவாதிகள் படங்களை அகற்றத் தொடங்கினார்கள். 1524-இல் சூரிக் நகரம் ஆலயங்களைக் காலி செய்தது. 1566-இல் நெதர்லாந்தில் கூட்டம் கூட்டமாகப் புகுந்து உடைத்தார்கள். சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் இந்த உடைப்பை ஏற்கவில்லை. அவருடைய நெருங்கிய நண்பர் லூக்காஸ் கிரானாக் மாதா படங்களை விடாமல் வரைந்தார். அதில் ஒன்று பின்னர் இன்ஸ்புரூக் ஆலயத்துக்குப் போய், ‘உதவும் மரியா’ என்ற பெயரில் ஆஸ்திரியக் கத்தோலிக்கரின் வீட்டுச் சுவர்களிலெல்லாம் நகலெடுத்து மாட்டிய படமாயிற்று.

கத்தோலிக்கத் தரப்பின் பதில் 1563 டிசம்பரில் திரெந்து பொதுச்சங்கத்தின் கடைசி அமர்வில் வந்தது. படங்கள் இருக்கலாம், வணக்கம் படத்தில் உள்ளவருக்கே போய்ச் சேர்கிறது. ஆனால் காம உணர்வைத் தூண்டும் அழகு கூடாது, ஆயரின் ஒப்புதலின்றி வழக்கத்துக்கு மாறான படம் வைக்கக் கூடாது. திறந்த மார்போடு பாலூட்டும் மரியா இதன்பின் அரிதானாள். பழைய மூலப்படங்களுக்கு மறுவாழ்வு வந்தது. 1569-இல் இயேசு சபைத் தலைவர் ஃபிரான்சிஸ் போர்ஜா, சாந்தா மரியா மஜ்ஜோரேயின் லூக்கா படத்தை நகலெடுக்க அனுமதி பெற்றார். நகல்கள் மறைபணியாளர்களோடு கடல் கடந்தன. 1580-இல் ஃபதேபூர் சிக்ரியில் அக்பரின் அரண்மனைக்கு இயேசு சபைத் துறவிகள் அக்குவாவீவாவும் மொன்செராத்தேயும் கொண்டுபோனவற்றில் அந்த நகல்களில் ஒன்றும் இருந்தது. அரசவை ஓவியர்கள் மாதாவைத் தங்கள் நுண்ணோவியப் பாணியில் வரையத் தொடங்கினார்கள்.

விதிகள் எழுதிய பிறகும் மோதல் ஓயவில்லை. 1605-இல் போப்பாண்டவரின் குதிரைக்காரர் சபை, புனித பேதுரு பேராலயத்தில் உள்ள தங்கள் பீடத்துக்கு மாதா, குழந்தை, பாட்டி அன்னாள் மூவரையும் வரைய கரவாஜ்ஜோவை அமர்த்தியது. தொடக்கநூலில் வரும் பாம்பின் தலையை நசுக்குபவர் மரியாவா மகனா என்று கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தவாதிகளுக்கும் வழக்கு இருந்தது. இருவரும் சேர்ந்தே என்பது திருச்சபை சொன்ன விடை. கரவாஜ்ஜோ அதைச் சொல்லுக்குச் சொல் தீட்டினார்: பாம்பின்மேல் மரியாவின் பாதம், அவள் பாதத்தின்மேல் பிள்ளையின் பாதம். இறையியல் கணக்கில் குறை ஏதுமில்லை. ஆனால் மரியா பாவாடையை மேலே செருகிக்கொண்டு குனிந்து நிற்கிறாள், ரவிக்கைக் கழுத்து தாழ்ந்திருக்கிறது. பிள்ளை கைக்குழந்தை வயதைக் கடந்தவன், முழு நிர்வாணமாக நிற்கிறான். அன்னாள் தோல் சுருங்கிய கிராமத்துக் கிழவி. சில நாட்களிலேயே படம் பீடத்தைவிட்டு இறங்கியது. குதிரைக்காரர்கள் அதைப் போப்பின் சகோதரி மகனான கர்தினால் ஷிபியோனே போர்கேசேயிடம் விற்றுவிட்டார்கள். ரோமில் அவர் கட்டிய மாளிகையின் காட்சிக்கூடத்தில், வழிபடுவோர் எவரும் இல்லாமல், அது இன்றும் தொங்குகிறது.